நன்றி, உடனே அழைக்கிறோம்

திங்கட்கிழமை காலை பதினோரு மணிவரை கடையில் ஒரு போன்கூட அடிக்கவில்லை.

வேறு கடையாக இருந்தால் அது ஒரு விஷயமே இல்லை. இது வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் மெஷின், ஏற்றி இறக்கும் கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை. இருநூற்றுச் சொச்சம் வீடுகளில் இவர்களுடைய மெஷின் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. குழாய் கழன்றது, ஃபில்டர் அடைத்துக்கொண்டது, கட்டில் பாதியில் நின்றுவிட்டது என்று காலை எட்டு மணிக்கே அண்ணியின் காது சூடாகிவிடும். ஒன்பது வருஷமாக அந்தப் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

போன வாரம்தான் கடை இடம் மாறியது. பழைய கட்டிடத்தோடு அப்பா காலத்து போன் நம்பரும் போய்விட்டது. பெரிய கம்பெனி ஒன்றில் வெப்சைட் வடிவமைக்கும் சின்னவள், கடையை நடத்தும் அண்ணனின் தங்கை, "கவலைப்படாதீங்க, நான் செஞ்சு தர்றேன்" என்று ஒரு மாதம் கண் விழித்துக் கடைக்கென்று புது வெப்சைட் செய்து கொடுத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைத் திறந்து காட்டியபோது அண்ணன் சின்னப் பிள்ளையைப் போலக் கைதட்டினான்.

அண்ணி தட்டவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "நம்பர் எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம் இருக்கு அண்ணி."

"பழைய நம்பருக்கு அடிச்சா ஒரு பதிவுக் குரல் பேசுதே, அதுலயே புது நம்பரைச் சொல்லிடலாமே?"

"சொல்லிட்டா யாரும் சைட் பக்கமே வரமாட்டாங்க. 'எங்கள் வெப்சைட்டைப் பாருங்கள்'னு சொல்ல வச்சிருக்கேன். எல்லாருக்கும் லிங்க்கும் அனுப்பியாச்சு."

அண்ணி அதற்கு மேல் பேசவில்லை. தனக்குத் தெரியாத விஷயத்தில் நாத்தனாரோடு மல்லுக்கு நிற்பது அவளுக்குப் பிடிக்காது. சின்னவளுக்கோ அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஒரு மாத உழைப்பில் இவங்களுக்குக் கண்ணில் பட்டது நம்பர் மட்டும்தானா என்று வீடு போகும்வரை பொருமிக்கொண்டே போனாள்.

இன்று அவள் லீவு போட்டு வந்திருந்தாள். சைட் எப்படி ஓடுகிறது என்று கடையிலிருந்தே பார்த்துவிட்டுப் போக ஆசை.

"ரெண்டரை நாளா ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல," என்றான் அண்ணன். தரையில் உட்கார்ந்து ஒரு மெஷினின் வயிற்றைத் திறந்து போட்டிருந்தான். "வேலை சுத்தமா இருந்தா போன் ஏன் வரப்போகுது?"

"ஏங்க, சனிக்கிழமை ரெண்டு போன். ஞாயித்துக்கிழமை ஒண்ணு, அதுவும் ராங் நம்பர்," என்றாள் அண்ணி. "எனக்கு மனசு சரியில்ல. இத்தனை வீட்டுல ஒரு வீட்டுல கூடவா குழாய் கழலாது?"

"நல்லது நடந்தாலும் உனக்குப் பயம்தான்."

சின்னவள் சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் சைட்டுக்கு வந்திருந்தார்கள். அவள் முகம் மலர்ந்தது. 'தொடர்புக்கு' என்ற பக்கத்தில் ஒவ்வொருவரும் சராசரியாக ஒன்பது நிமிஷம் இருந்திருக்கிறார்கள். ஒன்பது நிமிஷம்! ஆபீசில் சொன்னால் பொறாமையில் வெந்துபோவார்கள்.

"அண்ணா, பாரேன், ஜனங்க ஒன்பது நிமிஷம் உட்கார்ந்து..."

வார்த்தை பாதியில் நின்றது.

ஒரு போன் நம்பரைப் பார்க்க யாருக்காவது ஒன்பது நிமிஷம் ஆகுமா?

தன் போனிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்தாள். கீழே இருந்த படிவத்தில் 'சோதனை' என்று எழுதி அனுப்பினாள். பெரிய பச்சை டிக் ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது. 'நன்றி! உடனே அழைக்கிறோம்.' அந்த டிக் துள்ளுவதற்கு மட்டுமே ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்திருந்தாள்.

"அண்ணி, கடை மெயில்ல ஏதாவது வந்துதா?"

அண்ணி எட்டிப் பார்த்தாள். "இல்லையே."

"இப்ப?"

"இப்பவும் இல்ல. ஏம்மா?"

சின்னவள், படிவத்தில் எழுதுவதெல்லாம் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் இடத்தைத் திறந்தாள். அங்கே கடையின் முகவரி இல்லை. சைட்டைச் செய்யும்போது பரிசோதிப்பதற்காக அவள் தனக்கென்று திறந்துகொண்ட ஒரு மெயில் பெட்டியின் முகவரி இருந்தது. வெள்ளிக்கிழமை மாற்றியிருக்க வேண்டியது. மாற்றவில்லை. கைதட்டலில் மறந்துபோனது.

அந்தப் பெட்டியைத் திறந்தாள்.

நாற்பத்தொரு கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"மெயில் எல்லாம் வேற இடத்துக்குப் போயிருக்கு," என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது.

அண்ணன் நிமிர்ந்தான். "வேற இடம்னா?"

"வேற... ஒரு பெட்டிக்கு. நாற்பத்தொண்ணு இருக்கு."

"அந்த சர்வர்காரனுங்க வேலை!" அண்ணன் எழுந்தேவிட்டான். சைட்டுக்கு இடம் வாடகைக்குக் கொடுத்த கம்பெனியை அவன் சொல்கிறான். "அன்னைக்கே நினைச்சேன். போன்ல பேசினவன் பேச்சே சரியில்ல. இன்னைக்கு அவனை..."

அது அவர்கள் தப்பு இல்லை என்று சொல்ல சின்னவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அண்ணன் அதற்குள் போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்க ஆரம்பித்திருந்தான். இப்போது சொல்லலாம், இந்த வாக்கியம் முடிந்ததும் சொல்லலாம் என்று நின்றாள். சொல்லவில்லை.

"திட்டுறதை அப்புறம் வச்சுக்கங்க," என்றாள் அண்ணி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பாப்பா, நீ ஒண்ணொண்ணா வாசி. நான் அடிக்கிறேன்."

அடுத்த முக்கால் மணி நேரம் அண்ணியின் வாயில் ஒரே வார்த்தைதான். மன்னிச்சுக்கங்க. மன்னிச்சுக்கங்கம்மா. ஐயோ, தப்புதான், மன்னிச்சுக்கங்க சார்.

ஒரு வீட்டில் கட்டில் தலைப்பக்கம் தூக்கியபடியே இரண்டு நாளாக நிற்கிறது. இன்னொரு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பழைய பனியனைச் சுற்றிக் குழாயை ஒட்டவைத்திருக்கிறார். சிலர் கத்தினார்கள். ஒரு அம்மாள் அழுதே விட்டாள். எல்லோரும் பிழைத்துக் கிடந்தார்கள். ஒவ்வொரு போன் முடியும்போதும் சின்னவளுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

நடுநடுவே அண்ணி போனைக் கையால் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொல்வாள்.

"எழுத்தெல்லாம் பனியில எழுதின மாதிரி இருக்காம். சாம்பல் மேல சாம்பல்."

"ம்."

"மேல டாக்டர் படம் ஓடிக்கிட்டே இருக்காம். அவர் சிரிச்சு முடிச்சாத்தான் நம்பர் காட்டுவாரான்னு ஒருத்தர் கேக்கறார்."

அண்ணன் களுக்கென்று சிரித்தான். சின்னவளுக்குக் காது மடல் எரிந்தது. அந்தச் சாம்பல் நிறம் வேண்டும் என்று அடம் பிடித்தவள் அவள். படங்கள் நகர வேண்டும் என்று சொன்னவளும் அவள்.

இருபத்தொன்பதாவது கடிதத்தில் அவள் குரல் நின்றுவிட்டது.

"என்ன? வாசி."

"நேத்து சாயங்காலம். நாலு முப்பத்தொண்ணு." அடுத்த வரிக்குப் போனாள். "பேர்னு இருக்கிற இடத்துல 'அவசரம்'னு எழுதியிருக்கு. மெஷின் நம்பர் கேட்ட இடத்துல வரிசையா பூஜ்யம்."

"விஷயம்?"

"'மெஷின் விடாமல் ஒலி எழுப்புகிறது; பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது. கையிருப்புச் சிலிண்டர் அரை மணி நேரத்துக்குக்கூட வராது. என் மனைவிக்கு மூச்சு வாங்குகிறது. தயவுசெய்து அழையுங்கள்.'"

அண்ணன் கையிலிருந்த திருப்புளி தரையில் விழுந்து உருண்டது.

"நம்பரைச் சொல்லு!"

சொன்னாள். அண்ணி அழுத்தினாள். "ஒரு நம்பர் குறையுதே பாப்பா."

அனுப்பியவர் நம்பருக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துப் போட்டிருக்கிறார். சின்னவள் அந்தக் கட்டத்தில் பத்து எண்களுக்கு மேல் ஏறாதபடி கட்டுப்பாடு வைத்திருந்தாள். கடைசி எண் சத்தமில்லாமல் வெளியே விழுந்துவிட்டது. தப்பு என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், சைட் அவருக்குப் பச்சை டிக்கைக் காட்டியிருக்கிறது.

கடையின் பட்டியலில் மீதி எண்களைப் போட்டுத் தேடினார்கள். யாரும் இல்லை.

அண்ணி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். அந்த நாலு வரியையும் உதடு அசைய மெதுவாகப் படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த அவசரத்துலயும் அரைப்புள்ளி வச்சிருக்கார் பாரு. இது புரூப் சார்தான்."

"யாரு?"

"அச்சகத்துல பிழை திருத்திக்கிட்டிருந்தார், ரிட்டயரானவர். நான் கொடுத்த ரசீதுல கூட ஒற்று போட்டுத் திருப்பிக் கொடுத்தவர். அவர் வீட்டம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருக்கு. பதிவு மக பேர்ல இருக்கு, அவ வெளியூர்ல இருக்கா. நம்பரும் அவ நம்பர்தான்." அண்ணி பட்டியலில் கையை ஓட்டினாள். "மூணாவது மாடி. இதோ அட்ரஸ். ஏங்க, நிக்காதீங்க, கிளம்புங்க!"

*

வேனின் பின்னால் ஒரு புது மெஷினும் இரண்டு சிலிண்டர்களும் உருளாதபடி கட்டப்பட்டிருந்தன. சின்னவள் முன்னால் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாசிக்காமல் விட்ட மீதிக் கடிதங்களைக் கடை மெயிலுக்கு அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு சிக்னலும் வேண்டுமென்றே சிவப்பாக மாறுவதுபோல் இருந்தது.

நேற்று நாலு முப்பத்தொன்று. இன்று பன்னிரண்டு அடிக்கப் போகிறது. மனசு கூட்டிக் கழிக்க ஆரம்பித்ததும் அதை இழுத்துப் பிடித்தாள். பிடிக்கப் பிடிக்க அது திமிறிக்கொண்டு அங்கேயே போனது.

அண்ணி கடையிலிருந்து பேசினாள். விடுபட்ட கடைசி எண்ணுக்கு பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மக போன் கிடைக்கவே இல்ல. மூணு போட்டேன், யாரோ காவலாளி. நாலு உபயோகத்துலயே இல்ல. ஆறுல ஒரு பொண்ணு திட்டிட்டு வச்சிட்டா."

"ஏழு?"

"ஏழு அடிக்குது." மணி அடித்து ஓய்ந்தது. "எடுக்க மாட்டேங்கறாங்க."

"மறுபடி அடிங்க அண்ணி."

"நாலு தடவை அடிச்சிட்டேன் பாப்பா."

அண்ணன் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு அடி அடித்தான். "அந்த சர்வர்காரன் மட்டும் கையில கிடைக்கட்டும். கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன். ஒரு உயிர், பாப்பா. ஒரு உயிர் விஷயம்."

"அண்ணா..."

"நீ என்ன செய்வே? நீ ஒழுங்காத்தானே செஞ்சு கொடுத்தே."

அந்த ஒரு வாக்கியம் அவள் வாயை மறுபடி தைத்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே ஜனங்கள் பையும் குடையுமாக, எதுவும் நடக்காததுபோல நடந்துகொண்டிருந்தார்கள்.

மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இருந்தது. வேலை செய்யவில்லை. அண்ணன் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினான். சின்னவள் ஒவ்வொரு படியிலும் காதைத் தீட்டிக்கொண்டாள். ஓடுகிற மெஷினின் இரைச்சல் எப்படி இருக்கும் என்று சின்ன வயசிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

ஒரு சத்தமும் இல்லை.

கதவு சாத்தியிருந்தது. அழைப்பு மணியை அடித்தாள். பதில் இல்லை. அண்ணன் கையால் தட்டினான், பிறகு குத்தினான். "சார்! சார்! மெஷின் கடையிலிருந்து வந்திருக்கோம்!"

உள்ளே யாரும் நகரும் ஓசைகூட இல்லை.

சின்னவள் கதவில் காதை வைத்தாள். மரம் சில்லென்று இருந்தது. தலைக்குள் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது.

"உடைச்சிடட்டுமா?" என்றான் அண்ணன்.

"வேண்டாம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "சாவி இருக்கு."

இருவரும் திரும்பினார்கள். ஒல்லியான மனிதர். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது. கையில் ஒரு துணிப்பை. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அண்ணன் சட்டையில் தைத்திருந்த கடைப் பேரைப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா?" என்றார்.

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார்.

*

"உயிரோட இருக்கா," என்றார், கதவைத் திறந்துகொண்டே. "ஆஸ்பத்திரியில. ஐசியூவுல. இன்னும் கண்ணு திறக்கல."

வீட்டுக்குள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கட்டில் மட்டும் கலைந்துகிடந்தது. அதன் பக்கத்தில் அணைத்து வைத்த மெஷின். அதன்மேல் சுருட்டாமல் விட்ட குழாய்.

மேல் மாடியில் இருக்கும் நர்ஸ் ஒருத்தி நேற்று ஆறு இருபதுக்கு டியூட்டி முடிந்து படியேறும்போது, மெஷின் கத்துகிற சத்தம் கேட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். அவள்தான் ஆம்புலன்ஸை வரவழைத்தவள். இவர் இப்போது மாற்று உடையும் பழைய மருந்துச்சீட்டும் எடுத்துப் போக வந்திருக்கிறார். ஒரு மணிக்குத்தான் உள்ளே விடுவார்களாம். உள்ளே போன் கூடாது என்று சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாராம்.

"நீங்க ஏன் சார் ஆம்புலன்ஸைக் கூப்பிடல?" அண்ணன் கேட்டுவிட்டான். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவர் கோபப்படவில்லை. பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். அந்தப் பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. பச்சை டிக். அதன் கீழே ஐந்தாறு பூப்போட்ட அலங்காரம்.

"'உடனே அழைக்கிறோம்'னு போட்டிருந்துச்சு," என்றார். "நாற்பது வருஷம் ஒவ்வொரு சொல்லா பார்த்து வேலை செஞ்சவன். அச்சுல வந்துட்டா நம்பிடறது பழக்கம். உடனேன்னா அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு நினைச்சேன். நீங்க கூப்பிடுறப்போ லைன் பிசியா இருந்துடக் கூடாதேன்னு வேற யாருக்கும் அடிக்கல. மகளுக்குக்கூட அடிக்கல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நம்பர்..." சின்னவள் ஆரம்பித்தாள். "நம்பர் கிடைக்கலையா சார்?"

"தேடினேம்மா."

"எப்படித் தேடினீங்கன்னு எனக்குக் காட்ட முடியுமா?"

ஆபீசிலும் இப்படிப் பரிசோதனை செய்வார்கள். இருபத்தைந்து வயசுப் பிள்ளைகளை ஏசி அறையில் உட்காரவைத்து, காபி கொடுத்து, இந்தப் பட்டன் பிடித்திருக்கிறதா என்று கேட்பார்கள். இவர் வயசு ஆளை ஒருநாளும் உட்காரவைத்ததில்லை. மனைவிக்கு மூச்சு முட்டும்போது ஒருவர் எப்படித் தேடுவார் என்று யாரும் கேட்டதும் இல்லை.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கண் மங்கலுக்காகப் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். சைட் திறந்ததும் சிரிக்கிற டாக்டர் வந்தார். ஓரத்தில் ஒரு போன் படம். அவர் அதை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அது வெறும் படம். அழகுக்கு வைத்தது.

"இதை எத்தனை தடவை அழுத்தியிருப்பேன்னு எனக்கே தெரியாது."

அதற்குள் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி எழும்பியது. 'எங்கள் செய்திகளை மெயிலில் பெற விருப்பமா?' அதை மூடுகிற பெருக்கல் குறி எழுத்து பெரிதானதால் திரைக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தது. அவர் போனை இடதும் வலதும் சாய்த்துப் பார்த்தார். சாய்த்தால் அது வந்து விழும் என்பதுபோல.

"மேல மூணு கோடு இருக்கே சார், அதை..."

"இதுவா? இது கோலம் மாதிரி ஏதோன்னு நினைச்சேன்."

அந்த மூன்று கோட்டுக்குள்தான் 'தொடர்புக்கு' என்ற வார்த்தையை அவள் மடித்து வைத்திருந்தாள். பெரிய திரையில் உச்சியில் தெரியும் போன் நம்பரைச் சின்னத் திரையில் எல்லாப் பக்கத்திலும் இடத்தை அடைக்கிறது என்று மறைத்துவிட்டவளும் அவள்தான்.

"எப்படியோ அந்தப் படிவம் வந்துச்சு. தேதியைத் தப்பா போட்டுட்டேன் போல. எழுதினது அத்தனையும் அழிஞ்சுபோச்சு. மறுபடி எழுதினேன். மெஷின் நம்பர் கேட்டுச்சு. அது மெஷினுக்குப் பின்னால, சுவரோரமா இருக்கு. நகர்த்தினா குழாய் இழுக்குது, அவ முனகுறா. மறுபடி அழிஞ்சுது. ஆறு தடவை எழுதினேம்மா. ஆறாவது தடவைதான் இந்த டிக் வந்துச்சு." கண்ணாடியைக் கழற்றினார். "அதைப் பார்த்ததும் அவகிட்ட போய், 'வந்துடுவாங்க, வந்துடுவாங்க'ன்னு சொன்னேன்."

சின்னவள் எழுந்தாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்தாள்.

"என்ன பண்றே?" என்றான் அண்ணன்.

"இந்த நிமிஷம் வேற யாராவது இதே பக்கத்துல இருப்பாங்க அண்ணா."

எழும்புகிற பெட்டியைத் தூக்கினாள். டாக்டரைத் தூக்கினாள். மெஷின் நம்பர் கேட்கும் கட்டத்தையும் தேதிக் கட்டத்தையும் தூக்கினாள். போகும் முகவரியை மாற்றினாள். உச்சியில் வெள்ளை மேல் கறுப்பாக, பெருவிரல் அளவுக்கு, தொட்டால் நேராக அண்ணிக்கு அடிக்கும்படி நம்பரை வைத்தாள். பத்து நிமிஷத்தில் ஒரு மாத அழகு காலி.

மிச்சம் இருந்தது அந்தப் பச்சை டிக். அதன் கீழே எழுதினாள்: 'உங்கள் செய்தியைப் பார்க்க நேரமாகலாம். மூச்சு சிரமமாக இருந்தால் காத்திருக்க வேண்டாம். இப்போதே ஆம்புலன்ஸை அழையுங்கள்.'

மருந்துச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தவர் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். படித்தார். பழக்கம் விடவில்லை.

"'நேரமாகலாம்' சரியில்ல," என்றார். "'பார்க்காமலும் போகலாம்'னு போடுங்க. அதுதானே உண்மை?"

அவள் மாற்றினாள். டிக்கையும் எடுத்துவிட்டாள்.

அவர் தன் போனில் பக்கத்தைப் புதிதாகத் திறந்தார். நம்பர் வந்தது. தொட்டார். ஏழில் முடியும் நம்பரை அடையாளம் கண்டுகொண்டு இரண்டாவது மணியிலேயே அண்ணி எடுத்தாள். "சொல்லுங்க சார், அம்மா எப்படி இருக்காங்க?"

அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். நேற்று வேண்டியிருந்தது இது ஒன்றுதான்.

அண்ணன் போனை வாங்கி அண்ணியிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். கொடுத்த மறு நிமிஷம் அது வெளிச்சம் போட்டு அதிர்ந்தது. ஆஸ்பத்திரி.

அவருக்கு விரல் சரியாக விழவில்லை. அண்ணன் வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"ஐசியூ டாக்டர் பேசறேன். பேஷன்ட் இன்னும் முழிக்கல. எனக்கு ஒரு விஷயம் துல்லியமா தெரியணும். ஆக்சிஜன் குறைஞ்சு எவ்வளவு நேரம் இருந்தாங்க? இருபது நிமிஷமா, ரெண்டு மணி நேரமா? அதை வச்சுத்தான் அடுத்து என்ன செய்யறதுன்னு முடிவு பண்ண முடியும்."

"நான்... கடிகாரத்தைப் பார்க்கல டாக்டர்," என்றார் அவர். "மெஷின் கத்தினதும் போனை எடுத்தேன். அதுக்கு மேல எனக்குத் தெரியல."

"தோராயமா சொன்னா போதாது சார்."

சின்னவளுக்குத் தெரியும். யார் எந்த நிமிஷம் வந்தார்கள், எதைத் தொட்டார்கள் என்று சைட் எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். அவள் தேடி எடுத்தாள். வரிசையாக நின்றது. அவருடைய ஒவ்வொரு முயற்சியும் அங்கே இருந்தது. வெறும் படத்தைப் பதினேழு தடவை தொட்டிருந்தார்.

வாசித்தால் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். வாசிக்காவிட்டால் டாக்டர் இருட்டில் தடவுவார்.

"டாக்டர்," என்றாள். "நாலு பத்துக்கு முதல்ல சைட்டைத் திறந்திருக்கார். மெஷின் கத்தினதும் திறந்தேன்னு சொல்றார். நாலு முப்பத்தொண்ணுக்குச் செய்தி அனுப்பியிருக்கார். அப்போ அரை மணி நேரத்துக்கும் குறைவாதான் சிலிண்டர் இருந்திருக்கு. நர்ஸ் வந்தது ஆறு இருபது. சிலிண்டர் தீர்ந்த பிறகு ஒரு மணி இருபது நிமிஷமாவது சரியான ஆக்சிஜன் இல்லாம இருந்திருக்காங்க."

"நீங்க யாரு? கூட இருந்தீங்களா?"

"இல்ல டாக்டர். அந்த வெப்சைட்டைச் செஞ்சவ." நிறுத்தினால் பிறகு எப்போதும் சொல்ல முடியாது என்று தெரிந்தது. "அவர் அனுப்பின செய்தி என் பெட்டிக்குத்தான் வந்துச்சு. முகவரியை மாத்த மறந்துட்டேன். சர்வர் மேல தப்பில்ல. நான் பார்க்கல."

டாக்டருக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "ஒரு மணி இருபது நிமிஷத்துக்கு மேல. சரி," என்று வைத்துவிட்டார்.

அண்ணன் அவளைப் பார்த்தான். கையிலிருந்த போனைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். எதுவும் கேட்கவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

புரூப் சார் மருந்துச்சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வைத்த பிறகும் கையை அங்கேயே வைத்திருந்தார்.

"மக இன்னைக்கு அஞ்சு மணிக்கு விமானத்துல வந்து இறங்கறா," என்றார் கடைசியில். "நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் வருவா. அவளுக்கு அம்மான்னா உசுரு. யாரால இப்படி ஆச்சுன்னு கேக்காம விடமாட்டா. எனக்கு அதைச் சொல்லத் தெம்பு இல்ல."

"நான் வர்றேன் சார்," என்றாள் சின்னவள்.

"வரணும். இப்ப டாக்டர்கிட்ட சொன்னதை அப்படியே அவகிட்டயும் சொல்லணும். ஒரு எழுத்து குறையாம."

அவள் தலையாட்டினாள். லேப்டாப்பை மூடினாள். பயம் போய்விடவில்லை. வேனில் வந்தபோது இருந்ததைவிடப் பெரிதாக, ஆனால் இப்போது ஒரு முகத்தோடு, ஒரு குறித்த நேரத்தோடு, அஞ்சு மணிக்கு என்று நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் அந்தப் பெரியவர் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டான். தங்கையைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கத் தொடங்கினான்.